ஔவை என்றால் ஒரே பாட்டிதானா?

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நேற்று முழுக்க இணையத்தில் அதுதான் சுற்றிக்கொண்டிருந்தது. சங்க நூலான குறுந்தொகையின் 28-ஆம் பாட்டு, ‘முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்’. கீழே ஔவையார் என்று பெயர். பின்னால் நெற்றி நிறைய திருநீறு, கையில் கோல், கூன் விழுந்த முதுகோடு ஒரு கிழவி. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். ‘பாட்டிக்கு இந்த வயசுல இது தேவையா’, ‘ஆத்திசூடி எழுதின கையா இது’ என்று ஆளாளுக்குக் கேலி. நான் போய், இந்தப் பாட்டைப் பாடிய ஔவை வேறு, ஆத்திசூடி பாடிய ஔவை வேறு என்று இரண்டு வரி எழுதினேன். வந்த பதில்களை எல்லாம் இங்கே எடுத்துப் போட விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: ‘பேரு ஒண்ணுதானே மேடம், யார் எழுதினா என்ன?’

பெயர் ஒன்று என்பதால் ஆளும் ஒன்றாகிவிட மாட்டார். இதைச் சொல்ல ஒரு நீளப் பதிவு வேண்டியிருக்கிறதே என்பதே எனக்கு வருத்தம்தான்.

அந்தப் பாட்டை ஒருமுறை படம் இல்லாமல் படித்துப் பாருங்கள். நள்ளிரவு. ஊர் முழுக்கத் தூங்குகிறது. காற்று வந்து அலைக்கழிக்கிறது. ஒருத்திக்கு மட்டும் தூக்கம் இல்லை. முட்டிக்கொள்ளவா, தாக்கவா, ஏதோ ஒரு சாக்கு வைத்து ‘ஆ’ என்று கத்திவிடவா என்று கேட்கிறாள். என் நோய் தெரியாமல் தூங்குகிறதே இந்த ஊர், அதை என்ன செய்வேன் என்கிறாள். ஐந்தே அடிதான். காதல் வலியில் ஊரையே அடித்து எழுப்ப நினைக்கும் கோபத்தை இவ்வளவு நேராகச் சொன்ன பாட்டு எந்த மொழியிலும் அபூர்வம். (பேசுவது தலைவி, புலவர் அல்ல என்று திருத்த வருபவர்களுக்கு: தெரியும். அந்தக் குரலைப் படைத்தவள் யார் என்பதுதான் இங்கே பேச்சு.) இதைப் படித்துவிட்டு ஒருவருக்குச் சிரிப்பு வருகிறது என்றால், காரணம் பாட்டு அல்ல. பின்னால் வைத்த அந்தப் படம்.

சங்க நூல்களில் ஔவையார் பெயரில் 59 பாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் தெரிகிற பெண் யார்? தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் தோழி. அவனுக்காக எதிரி அரசன் தொண்டைமானிடம் தூது போகிறாள். அங்கே ஆயுதசாலையில் வேல்கள் எல்லாம் மயில்தோகை சூடி, நெய் பூசி, பளபளவென்று காவலுக்குள் இருக்கின்றன. ‘எங்கள் அரசனுடைய வேல்கள் முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் அல்லவா கிடக்கின்றன’ என்கிறாள். புகழ்வதுபோல் பேசியே, நீ போரே பார்த்ததில்லை என்று எதிரியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருகிறாள். அதியமான் இறந்தபோது பாடியதையும் பாருங்கள். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவன் மகிழ்ந்து குடிப்பான். நரந்தம் மணக்கும் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான். கள்ளும் இறைச்சியும் நட்பும் அழுகையும் கலந்த அந்தப் பாட்டைப் பாடியவளைத்தான் கோலும் திருநீறுமாக நிறுத்தி வைத்திருக்கிறோம்.

ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி பாடிய ஔவை பல நூற்றாண்டுகள் பின்னால் வந்தவர். இது என் கற்பனை இல்லை, அவருடைய நல்வழியின் கடைசி வெண்பாவே சொல்கிறது. திருக்குறளும் மூவர் தமிழும் திருவாசகமும் திருமூலர் சொல்லும் எல்லாம் ஒன்றே என்று உணர் என்கிறார். சங்க காலத்துக்கு வெகு பின்னால் வந்த மூவர் தேவாரத்தையும் திருவாசகத்தையும் படித்த ஒருவர் அதியமானோடு எப்படிக் கள் குடித்திருக்க முடியும்? ஔவை பெயரில் இருக்கும் விநாயகர் அகவலில் மூலாதாரம், குண்டலினி என்று யோகச் சொற்கள் வருகின்றன. சங்கப் பாட்டில் பிள்ளையாரே கிடையாது. அகவல் பாடியவர் இன்னொரு ஔவை என்று கருதுபவர்கள் பலர். அப்புறம் முருகனிடம் சுட்ட பழமா சுடாத பழமா என்று மாட்டிக்கொண்ட கதையின் ஔவை இருக்கிறார். 1953-இல் கே.பி. சுந்தராம்பாள் திரையில் தந்த ஔவை இருக்கிறார். நம் கண்ணில் நிற்பது பெரும்பாலும் இந்தக் கடைசி ஔவைதான்.

‘மக்கள் மனதில் ஔவை ஒருவர்தான், நீ யார் பிரிப்பதற்கு’ என்று கேட்பீர்கள். சரி, மக்கள் மனதில் இருக்கும் அந்தப் பாட்டியை நானும் நேசிக்கிறேன். குழந்தைக்கு ‘அறம் செய விரும்பு’ என்று மூன்றே சொல்லில் சொல்லத் தெரிந்தவரை யார்தான் நேசிக்க மாட்டார்கள்? நெல்லிக்கனி தின்றதால் நெடுங்காலம் வாழ்ந்து எல்லாவற்றையும் அவரே பாடினார் என்று கதையாகச் சொல்லுங்கள், நானும் உட்கார்ந்து கேட்கிறேன். அதை வரலாறாக்கி, அந்தக் கதைப் பாட்டியைக் கொண்டுவந்து ரத்தமும் சதையுமாக வாழ்ந்த ஒரு பெண்ணின் பாட்டின் மேல் உட்கார வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

‘எத்தனை ஔவை என்று ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லையே’ என்பது இன்னொரு கேள்வி. மூவர் என்பாரும் உண்டு, அதற்கு மேல் எண்ணுவாரும் உண்டு. ஒரே ஒருவர் அல்ல என்பதில் தகராறு இல்லை. அது போதும்.

‘உனக்கு வேறு வேலை இல்லையா’ என்பவர்களுக்குப் பதில் சொல்வதாக இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று உள்பெட்டியில் ஒரு தோழி கேட்டாள். என் பெயர் எவ்வளவு சகஜமான பெயர் என்று உங்களுக்கே தெரியும். கல்லூரியில் அதே பெயரில் இன்னொரு துறையில் ஒரு பெண் இருந்தாள். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடுத்தேன், என் ஆச்சியைப் பற்றியது. அச்சாகி வந்தபோது பெயருக்குக் கீழே அவளுடைய துறை இருந்தது. விழாவில் அவளைத்தான் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் போனாள், புத்தகத்தை வாங்கிக்கொண்டாள், சிரித்தாள். என் ஆச்சி விறகடுப்பு ஊதும்போது இருமுவதை நான் எழுதியிருந்தேன். அந்த இருமலை அவளுடைய ஆச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். பொறுப்பாசிரியரிடம் போய் நின்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: ‘பேரு ஒண்ணுதானேம்மா, விடு.’ அதே வாக்கியம். இத்தனை வருடம் கழித்து நேற்று அதே வாக்கியத்தைத் திரையில் படித்தபோது கை நடுங்கியது. மிகைப்படுத்தவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. பாரியின் நண்பர் கபிலர் ஒருவர், பதினோராம் திருமுறை என்ற சைவத் தொகுப்பில் வருபவர் கபிலதேவ நாயனார். நெடுநல்வாடை பாடியவர் நக்கீரர், திருமுறையில் இருப்பவர் நக்கீரதேவ நாயனார். ஆண்களுக்கு ஒரு ‘தேவ நாயனார்’ சேர்த்துப் பிரித்துக் காட்டத் தெரிந்திருக்கிறது. நக்கீரர்களையும் குழப்புகிறோமே என்பீர்கள். குழப்புகிறோம்தான், ஆனால் யாரும் நக்கீரரின் பாட்டைப் பார்த்து ‘தாத்தாவுக்கு இது தேவையா’ என்று சிரித்ததில்லை. எல்லா ஔவைக்கும் ஒரே கோல், ஒரே நரை. இளமையும் காதலும் கோபமும் இருந்த ஒருத்தி கண்ணுக்குத் தெரியவே இல்லை.

குந்தவைக்கும் இதே கதிதான். ராஜராஜனின் அக்கா குந்தவை. ராஜராஜனின் மகள் பெயரும் குந்தவை, அவர் வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்தவர். கல்கியின் நாவலில் வரும் குந்தவை இன்னொருவர். ‘நாம் கொடுத்தனவும் நம் அக்கன் கொடுத்தனவும்’ என்று தன் பெண்டுகளுக்கும் முன்னால் அக்காவை வைத்துத் தஞ்சைக் கோயில் கல்லில் வெட்டச் சொன்னானே ராஜராஜன், அந்த அக்கா உண்மையில் கோயிலுக்குத் திருமேனிகள் செய்து கொடுத்தவர். கல்வெட்டில் இருக்கிறது. அவரைப் பற்றி எழுதினால், நாவல் காட்சியைச் சொல்லி ‘குந்தவை அப்படிப்பட்டவர் இல்லையே’ என்று என்னோடு வாதாடுகிறார்கள். கல்கியின் குந்தவை கல்கியின் சொத்து, அருமையான படைப்பு. அவரைக் காட்டி நிஜக் குந்தவையின் வாயை மூடாதீர்கள். அத்தையின் கணக்கை மருமகள் பெயரில் எழுதாதீர்கள்.

கடைசியாக, அந்தப் படத்தைப் பகிர்ந்த நண்பர்களுக்கு. உங்களில் சிலர் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறீர்கள். பகிர்ந்ததை நீக்கச் சொல்லவில்லை. அந்தக் கிழவியின் படத்தை மட்டும் எடுத்துவிட்டு, பாட்டை அப்படியே வெறும் எழுத்தாகப் போடுங்கள். என்னைத் திட்ட விரும்புபவர்கள் புறநானூற்றில் அந்தத் தூதுப் பாட்டையும் (95) அதியமான் இறந்தபோது பாடியதையும் (235) படித்துவிட்டு வந்து திட்டுங்கள். இரவு பதிலளிக்கிறேன்.