வாட்ஸ்அப் வைத்தியம் சட்டவிரோதமா?

‘வாட்ஸ்அப்பில் டாக்டர் பார்ப்பது சட்டவிரோதம், அந்தச் சீட்டு மருந்துக்கடையில் செல்லாது’ என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் வீடியோ, போன், மெசேஜ் மூன்றையும் அனுமதிக்கின்றன. சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். என் அம்மாவின் சர்க்கரை மாத்திரைச் சீட்டில் முதலில் அதைத்தான் தேடுவேன். கடைக்காரர் இதுவரை மறுத்ததில்லை.

ஆனால் எல்லா மருந்தும் எழுத முடியாது. ஷெட்யூல் எக்ஸ் என்ற கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்குத் தடை உண்டு.

ரகசியம் காப்பது டாக்டரின் கடமைதான். சரி, நம் பக்கம்? ஸ்பீக்கரைப் போட்டு, பக்கத்து வீட்டு அக்காவையும் உட்கார வைத்துக்கொண்டு பேசினால் டாக்டர் என்ன செய்வார்! நெஞ்சுவலி என்றால் மட்டும் போனில் காத்திருக்காதீர்கள், 108.