காணி உறுதி (உரிமைப் பத்திரம்) இல்லாதவர்களுக்கு என்ன கிடைக்கும்?
புது வீதி, மேம்பாலம் வந்தால் காணிப் பெறுமதி கூடும், அங்கே இருக்கும் சனத்துக்கும் அது நல்லதுதான் என்கிறது கொழும்பின் அபிவிருத்தி பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. உறுதி கையில் இருப்பவருக்குச் சரி. கொழும்பில் ‘தோட்டம்’ என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் தலைமுறையாக இருக்கும் பல குடும்பங்களிடம் இருப்பதோ வாக்காளர் இடாப்பில் பெயரும் கரண்ட் பில்லும்தான். உறுதி இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும் என்று 2001இல் வந்த மீள்குடியேற்றக் கொள்கை சொல்கிறது. ஆனால் அது வெறும் கொள்கை, சட்டமல்ல. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க காணி சுவீகரிப்புச் (அரசு காணியைக் கையகப்படுத்தும்) சட்டத்தின் 38ஆம் பிரிவில், அவசரம் என்று அமைச்சர் கட்டளையிட்டால் நட்டஈடு முடிவாகும் முன்பே காணியைப் பொறுப்பெடுத்துவிடலாம். “மாடி வீடு கொடுத்தார்களே, இன்னும் என்ன வேண்டும்?” என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் கேட்டிருக்கிறார். கொம்பனித்தெருவில் என் பெரியம்மா வாசலில் அடுப்பு வைத்து, இடியாப்பமும் சம்பலும் விற்றுத்தான் பிள்ளைகளைப் படிப்பித்தார். வேலைக்குப் போகிறவர்கள் நின்ற நிலையிலேயே பார்சல் கட்டிக்கொண்டு போவார்கள். அந்த இடம் போன பிறகு அவருக்குக் கிடைத்த மாடி வீடு புதுசு, தண்ணீர் ஒழுங்காக வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் விடியற்காலையில் ஒன்பதாம் மாடிக்கு யார் ஏறி வந்து இடியாப்பம் வாங்குவார்? அப்புறம் மாதாமாதம் பராமரிப்புக் காசு வேறு. சதுர அடியை மட்டும் அளந்து ஈடு கொடுத்தால் போதாது, அந்த வாசலில் ஓடிய பிழைப்பையும் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும்.