சித்தியும் 4கே கேமராவும்

போன வாரம் சித்தி போன் செய்தார். பித்தப்பையில் கல். "தம்பி, ஒரு ஆஸ்பத்திரியில 4கே கேமராவாம், இன்னொண்ணுல 3டியாம். எங்க பண்ணிக்கட்டும்?" டிவி வாங்குகிற கணக்கில் கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எங்களைப் போன்ற சர்ஜன்கள் வாசலில் வைக்கும் போர்டு அப்படி.

1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற சர்ஜன் லேப்ராஸ்கோப்பில், அதாவது வயிற்றில் சிறு துளை போட்டு உள்ளே விட்டுப் பார்க்கும் கருவியில், முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்த காலத்திலிருந்து கேமரா எங்கேயோ போய்விட்டது. 4கேயில் மயிரிழை ரத்தக்குழாயும் தெரியும். 3டியில் ஆழம் பிடிபடும், தையல் போடச் சுகம். சரி, ஆனால் இந்த ஆபரேஷனில் எங்கள் பயம் வேறு. பித்தப்பையின் சின்னக் குழாய் என்று நினைத்து, கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் முக்கியப் பித்தக்குழாயை வெட்டிவிடுவது. அரிதுதான், நடந்தால் வாழ்நாள் தொல்லை. 2003இல் வந்த ஓர் ஆய்வில் இப்படிப்பட்ட 252 காயங்களை அலசினார்கள். 97 சதவீதத்தில் மூலகாரணம் கைப்பிசகு இல்லை, கண் ஏமாந்தது. அந்தக் குழாய் கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும். கொழுப்பை 4கேயில் பார்த்தால் தெளிவான கொழுப்பு தெரியும், அவ்வளவுதான்.

அதனால் என் ஓட்டு ஐசிஜி (இண்டோசயனின் கிரீன்) என்கிற பச்சைச் சாயத்துக்கு. நரம்பில் ஊசியாகப் போட்டால் கல்லீரல் அதைப் பித்தநீரோடு வெளியேற்றும். அகச்சிவப்புக் கேமராவைத் திருப்பினால் கொழுப்புக்கு அடியிலிருந்து குழாய் பச்சையாக எழுந்து வரும். எத்தனை முறை பார்த்தாலும் ஒரு கணம் கை நிற்கும். ஆனால் சில மணி நேரம் முன்பே போட வேண்டும். ஒருமுறை மறந்துபோய் மேசையில் படுத்த பிறகு போட்டேன். கல்லீரல் முழுக்க ட்யூப்லைட் மாதிரி எரிந்தது, குழாய் அந்த வெளிச்சத்தில் காணாமல் போனது. தவிர, சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் அந்த ஒளி வராது. வீங்கித் தடித்த பித்தப்பையில், நமக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில், அது மங்கிவிடும்.

அங்கேதான் பழைய எக்ஸ்ரே முறை. பித்தப்பையின் சின்னக் குழாயில் சிறு கீறல் போட்டு எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்தி, ஈய ஏப்ரனோடு வியர்த்துக்கொண்டு, சி-ஆர்ம் என்கிற நகரும் எக்ஸ்ரே மெஷினில் படம் எடுப்பது. நேரம் பிடிக்கும், இளைஞர்களுக்குப் பொறுமை இல்லை. ஆனால் முக்கியப் பித்தக்குழாய்க்குள் நழுவிய கல்லை அது காட்டும், ஐசிஜியை அதற்கு நம்ப முடியாது.

சித்தி பொறுமையாகக் கேட்டார். "அப்ப அந்தப் பச்சை மருந்து இருக்கான்னு கேக்கணும்?"

"கேளுங்க சித்தி. அப்புறம், குழாய் சரியா தெரியலைன்னா என்ன பண்ணுவீங்கன்னும் கேளுங்க. நிறுத்திடுவேன், இல்ல வயித்தைத் திறந்துடுவேன்னு சொல்ற டாக்டர்கிட்ட படுங்க."