கொஞ்சம் வாயை மூடினால் என்ன?

டப்ளினில் எங்கள் தெருமுனை பப்பில் புதன்கிழமை தோறும் இசை உண்டு. மேடை கிடையாது, மைக் கிடையாது. மூலையில் ஒரு மேசை. அதைச் சுற்றி ஃபிடில், டின் விசில் என்னும் சிறு குழல், ஆட்டுத்தோல் போர்த்திய பௌரான் என்னும் பறை. நான் போவது இதைக் கேட்க. என் காதில் விழுவதோ பக்கத்து மேசைக்காரரின் வீட்டுக்கடன் வட்டி.

நேற்று ஒரு பெரியவர் இலன் பைப்ஸ் என்னும் ஐரிஷ் துருத்திக்குழல் கொண்டுவந்திருந்தார். முழங்கையால் துருத்தியை அழுத்தி வாசிப்பது. 2017இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறிய கலை. கண்களை மூடி, தாளக்கட்டில்லாத மெல்லிய ராகம் ஒன்றை இழைக்கிறார். மைத்துனரின் விவாகரத்துக் கதையை முழுத் தொண்டையில் அவிழ்த்துவிட இதுதானா நேரம்? கின்னஸ் பீரின் நுரைகூட இரண்டு நிமிடம் சும்மா இருந்து அடங்குகிறது. மனிதருக்கு முடியாதா?

கைதட்டும் கூட்டம் வேறு. ஜிக் என்னும் ஐரிஷ் ஆட்டமெட்டு என்றால் 6/8 தாளம். இவர்கள் தட்டுவது எந்தக் கணக்கு? நம் சபாக்களில் தொடையில் தப்பாகத் தாளம் போடுகிறவர்களின் உடன்பிறப்புகள் கடல் தாண்டியும் இருக்கிறார்கள் போலும். போதாததற்கு, ஃபிடில் வில்லுக்கு ஒரு சாண் தள்ளிக் கைபேசியை நீட்டி, விளக்கையும் போட்டுப் படம் பிடிக்கும் மகானுபாவர். வாசிப்பவர் கண் கூசினால் இவருக்கென்ன!

பொறுக்க முடியாமல் திரும்பி முறைத்தேன். விவாகரத்துக் கதைக்காரர் அன்பாகச் சிரித்தார். “அருமையான இசை, இல்லையா?”