பெனிசிலின் ஊசியும் மாட்டிவிடும்

பந்தயக் குதிரைகளுக்குத் தரும் ஊக்கமருந்து என்றாலே வேகம் கூட்டும் மருந்து என்கிறது இங்கே வந்த கட்டுரை. பெங்களூரு ரேஸ் பார்ப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். காயத்துக்குப் போடும் புரோக்கெய்ன் பெனிசிலினில் இருக்கும் புரோக்கெய்ன், மரத்துப்போக வைக்கும் மருந்து. வலிக்கிற காலோடும் குதிரை ஓடிவிடும். தசையிலிருந்து மெல்லக் கசிவதால் வாரக்கணக்கில் சிறுநீரில் தெரியும்.

கோகோ தோல் கலந்த தீவனமும் வம்புதான். கோகோவில் இருக்கும் தியோபுரோமின் என்ற தூண்டுபொருளுக்கு சர்வதேச வரம்பு, சிறுநீர் ஒரு மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம். களைப்பைத் தள்ளிப்போட மூக்கு வழியாகக் குழாய்விட்டு சோடா உப்பு கொடுத்தால் பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதியில்) கார்பன் டை ஆக்சைடு ஏறும். அதற்கு வரம்பு, லிட்டருக்கு 36 மில்லிமோல்.

'டாக்டர் போட்ட ஊசிக்கு டிரெய்னருக்கு ஏன் தண்டனை?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். லாயத்துக்குப் பொறுப்பு டிரெய்னர்தானே! மறுசோதனைக்கு எடுத்துவைத்த பி மாதிரியிலும் உறுதியானால் குதிரையின் வெற்றியும் பரிசும் பறிபோகும். பந்தயம் கட்டி ஜெயித்தவர்களுக்கான பணம் மட்டும் அன்றே பட்டுவாடா ஆகியிருக்கும்.