அடியில் 2 இருந்தால் மட்டும் போதாது

"அடியில் 2 என்ற எண் இருந்தால் எந்தப் பழைய பிளாஸ்டிக் டிரம்மிலும் பாகு காய்ச்சுவதற்கான மேப்பிள் மரச் சாறு சேர்த்து வைக்கலாம், பிளீச் ஊற்றிக் கழுவினால் சரி" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டும்தான் காட்டும். முன்பு உள்ளே என்ன இருந்தது என்று சொல்லாது. பூச்சிமருந்தோ சோப்புத் திரவமோ இருந்த டிரம் எவ்வளவு தேய்த்தாலும் வேண்டாம், பிளாஸ்டிக் அதை உறிஞ்சி வைத்திருக்கும். சுமார் 40 லிட்டர் சாறு சுண்டித்தான் 1 லிட்டர் பாகு கிடைக்கிறது. ஆவியாகாத நஞ்சும் கூடவே செறிவாகிவிடும். உணவுப்பொருள் இருந்த வாளிக்கு வாசனை சேர்க்காத பிளீச் 1 பங்கு, தண்ணீர் 20 பங்கு. அப்புறம் வெந்நீரில் மூன்று முறை நன்றாக அலசுங்கள். ஊறுகாய் வாடை போகாத வாளியைத் தயவுசெய்து ஒதுக்கிவிடுங்கள், பாகிலும் அது தெரியும்.