நாலு கிலோமீட்டர், ஒண்ணேகால் மணி நேரம்

ஆபீஸ் வேலையா மூணாவது தடவை ஜகார்த்தா வந்திருக்கேன், இந்த வாட்டி சத்தியமா முடியல. ஹோட்டல் சுதிர்மன் ரோட்டுல, மீட்டிங் ஸ்லிப்பி பக்கம், நாலு கிலோமீட்டர் இருந்தா அதிகம். ஏழரைக்கு கார்ல ஏறினேன், எட்டே முக்காலுக்குத்தான் இறங்கினேன், அதுல அரை மணி நேரம் ஒரே கண்ணாடி பில்டிங்கையே பாத்துட்டு உக்காந்திருந்தேன், அதோட ஜன்னலை எல்லாம் எண்ணி முடிச்சிட்டேன். ஒற்றைப்படை தேதின்னா ஒற்றைப்படை நம்பர் கார்தான் பீக் அவர்ல வரணும்னு ரூல் வேற இருக்கு. பாதிக் காரை வீட்ல நிறுத்தியே இந்த லட்சணமா?

2019லயே மெட்ரோ விட்டாங்களேன்னு கேப்பீங்க. விட்டாங்க, நான் போற பக்கம் மட்டும் அது போகாது, என் ராசி அப்படி.

சரி, பைக் டாக்ஸில போலாம்னு ஓஜெக் பிடிச்சா, அந்தத் தம்பி டவருக்குப் பின்னாடி ஒரு சந்துக்குள்ள விட்டான் பாருங்க, அப்படியே வேற ஊரு! முன்னாடி நாப்பது மாடி, பின்னாடி சாக்கடை, கொடில துணி, குறுக்க ஓடுற கோழி. அதையும் ரசிக்க விடாம மழை. ஃபார்மல் சட்டை, லேப்டாப் பை எல்லாம் தொப்பல். அப்படியே மீட்டிங் ரூமுக்குள்ள போனா ஏசி பதினாறுல!

நடுங்கிட்டே ஒரு காபி வாங்கினேன், ஐம்பதாயிரமாம். இந்தோனேசிய ரூபியாதான், நம்ம ரூபாய் இல்ல, தெரியும், ஆனாலும் பில்லைப் பாத்ததும் நெஞ்சு ஒரு நிமிஷம் நின்னுருச்சு. நாளைக்கும் மீட்டிங் அங்கயேதான், ஒன்பது மணிக்காம்.